நம்பாதவர்கள் அலுவலகம்

"நெஞ்சு வலின்னு போன் பண்ணவர் பாதியிலயே பேச்சை நிறுத்திட்டாராம். நாலாவது மாடி, பழைய கோப்பு அறை. பக்கத்துல யாருமில்லையாம்" என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

முகவரியைக் கேட்டதும், வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய முதல் வாடிக்கையாளரின் அலுவலகம்!

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்பார்கள். இவள் மூன்றில் வைத்திருந்தாள். வாரநாளில் ஒரு நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்பு வேலை, விடுப்பு நாளில் ஆம்புலன்ஸில் தொண்டு, மிச்ச நேரத்தில் சொந்தக் கம்பெனி. போலித் தகவலை நம்பி ஏமாறாதபடி ஊழியர்களைப் பழக்குவதுதான் கம்பெனியின் தொழில். அதற்காக மாதாமாதம் அவளே ஒரு பொய்த் தகவல் அனுப்பிச் சோதிப்பாள்.

சாலையில் வண்டிகள் நகரவில்லை. உள்ளே இருப்பவர் யாராவது ஓடினால்தான் அந்த மனிதர் பிழைப்பார். அலுவலகம் முழுமைக்கும் தகவல் தட்டினாள்: "அவசரம்! கோப்பு அறையில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். மூச்சில்லை என்றால் நடுநெஞ்சில் அழுத்திக்கொண்டே இருங்கள். லிப்ட்டைக் கீழே நிறுத்துங்கள்."

மேனேஜரிடமிருந்து உடனே பதில் வந்தது: "இந்த மாதச் சோதனைக்கு நன்றி. நாங்கள் நம்பவில்லை."

அலறியடித்துக்கொண்டு போன் போட்டாள்.

"சார், இது நிஜம் சார்!"

"பொய் சொல்றவனும் இதையேதான் சொல்வான்னு நீங்கதானே மேடம் சொல்லிக்கொடுத்தீங்க?"

வீடியோவில் வந்து சீருடையைக் காட்டினாள். தலைக்கு மேல் சைரன் கத்தியது.

"அடேயப்பா, சைரன் வேறயா! முகத்தையே போலியா செய்யலாம்னு பாடம் எடுத்தீங்களே, மறப்போமா?"

இணைப்பு அறுந்தது. அடுத்த அழைப்பு போகவேயில்லை. அவள் எண்ணையே தடை செய்துவிட்டார்கள்.

"நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்கீங்க" என்றார் ஓட்டுநர்.

அந்தப் பதற்றத்திலும் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. பிள்ளைகள் தேறிவிட்டார்களே! மறுகணமே தலையில் அடித்துக்கொண்டாள். அடிப்பாவி, உன் பெருமையில் ஓர் உயிரல்லவா போகிறது!

போய் இறங்கினால், வாசல் கதவு திறந்திருந்தது. லிப்ட்டும் கீழே காத்திருந்தது. மேலே கோப்பு அறையில் வரவேற்பறைப் பெண் மண்டியிட்டு, வியர்க்க விறுவிறுக்க, அந்தப் பெரியவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் முனகினார்.

"மூச்சு வந்துடுச்சுக்கா!"

பெரியவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அவளோ அந்தப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"ராசாத்தி! இத்தனை பேரும் பொய்யின்னு உதறிட்டாங்க. நீ மட்டும் எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

அந்தப் பெண் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்டுல்லாம் பிடிக்கலைக்கா. உங்க ரிசல்ட்ல மாசாமாசம் பேரில்லாம 'ஒருவர் தோல்வி'ன்னு வருமே, அது நான்தான். நீங்க எதை அனுப்பினாலும் நான் நம்பிடுவேன்."