நீல நூல் சுற்றிய கண்ணாடி

ஊர் நியாயத்துக்கெல்லாம் முன்னால் நிற்பதால் நியாயக்காரி என்று பெயர் வாங்கிய மாடிவீட்டுப் பெண், ஒரு செவ்வாய்க்கிழமை பேருந்தில் மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கண்டெடுத்துச் சட்டத்தின் கையில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

கண்ணாடி யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. உடைந்த காதுக்கம்பியை நீல நூலால் சுற்றி, முனையில் பொத்தான் துளைக்குப் போடுவதுபோல் காஜா தையல் போட்டிருந்தது. காஜா எடுத்த கண்ணாடி உலகத்திலேயே கீழ்வீட்டுத் தையல்காரரிடம் மட்டும்தான் உண்டு.

"எங்க கீழ்வீட்டு அண்ணனோடது. போய்க் குடுத்துடறேன்" என்று பைக்குள் வைக்கப் போனாள்.

நடத்துநர் ஜன்னலுக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். கண்டெடுத்த பொருளை உரிய அலுவலகத்தில் ஒப்படைக்காதவர் தண்டிக்கப்படுவார் என்றது பலகை.

"தெரிஞ்சவரோடதுதாங்க."

"அது உங்க மனசுக்குத் தெரியும்மா. சட்டத்துக்கு எப்படித் தெரியும்?"

பேருந்தே தலையாட்டியது. சட்டத்தை மதிப்பதில் அன்று அந்தப் பேருந்தை மிஞ்ச ஆளில்லை. பக்கத்தில் மகள் வேறு உட்கார்ந்திருந்தாள். பள்ளியிலிருந்து யாருடைய அழிப்பானையோ கொண்டுவந்துவிட்டாள் என்று போன வாரம்தான் அவளை நடத்திக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்திருந்தாள் நியாயக்காரி. பிள்ளைக்கு முன்னால் வேறென்ன செய்வது? நேரே போய் ஒப்படைத்து, ரசீதும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் தையல்காரரைக் கூட்டிக்கொண்டு போனாள். வானம் கறுத்திருந்ததால் ஒரு கையில் குடை, ஒரு கையில் மகள். தையல்காரரின் விரல்களில் மூன்று கட்டுகள். ஆஸ்பத்திரிக்கு நாற்பது மேலங்கி நாளை காலைக்குள் போக வேண்டும்; தவறினால் அந்த வேலை இனி வேறு கடைக்கு. கண்ணாடி இல்லாமல் அவர் அதுவரை தைத்தவற்றில் துணியைவிட விரல்தான் அதிகம்.

தொலைந்த பொருள் பிரிவின் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். கண்ணாடியை மேசைமேல் எடுத்து வைத்தார். பக்கத்தில் படிவத்தையும் வைத்தார்.

"இதை உரிமை கோருபவர் தானே படிச்சு, தன் கையால நிரப்பணும்."

"கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாதுங்களே."

"அப்ப கண்ணாடியைப் போட்டுக்குங்க."

தையல்காரர் கையை நீட்டினார். கண்காணிப்பாளர் கண்ணாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இது இல்லைங்க, உங்களோடது."

"என்னோடது இதுதாங்க."

"அது படிவத்தை நிரப்பின பிறகு."

"நான் படிச்சுச் சொல்றேன் சார்" என்றாள் நியாயக்காரி.

"கண்டெடுத்தவர் உரிமை கோருபவருக்கு உதவினா, ரெண்டு பேரும் கூட்டுன்னு ஆயிடும்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வரிசையில் பின்னால் நின்றவர் மனசு கேட்காமல் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். தையல்காரர் அதை மாட்டிக்கொண்டு முதல் வரியைத் தடுமாறிப் படித்தார். கண்காணிப்பாளர் உடனே பேனாவை எடுத்து, 'விண்ணப்பதாரருக்கு வேறு கண்ணாடியில் பார்வை தெரிகிறது. எனவே இது அவருடையது என்பது ஐயத்துக்குரியது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

"இனி மேல்முறையீடுதான். தொண்ணூறு நாள்."

"நாளைக்குக் காலையில மேலங்கி போகணும் சார்" என்றாள்.

கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார். "பொதுவா ஒரு விதியைச் சொல்றேன். யாராவது தன்னோட சொந்தப் பொருளையே தவறுதலா இங்க ஒப்படைச்சுட்டா, ரசீதைக் காட்டி ஒரு கையெழுத்துப் போட்டு உடனே வாங்கிட்டுப் போகலாம்."

"இது என்னோடது இல்லையே."

"நான் உங்களைக் கேட்கவே இல்லையேம்மா."

நியாயக்காரி தையல்காரரின் விரல் கட்டுகளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு குடையை மகளிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா, அது பொய்தானே?"

"கையெழுத்துடி."

"கண்ணாடியைப் போட்டுக் காட்டுங்க" என்றார் கண்காணிப்பாளர்.

போட்டாள். ஒரு கண்காணிப்பாளர் மூன்று பேரானார். மூவரும் நீரில் மிதந்தார்கள்.

"நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது சார்" என்று தூணைப் பார்த்துச் சொன்னாள்.

"இத்தனை நேரம் உண்மையைச் சொல்லிச் சொல்லி என் நேரத்தை வீணாக்கிட்டீங்களேம்மா" என்று வருத்தத்தோடு முத்திரை குத்தினார்.

திரும்பும் பேருந்தில் தையல்காரர் தன் கண்ணாடி வழியாக உலகத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நியாயக்காரிக்கு அப்பாடா என்றிருந்தது. பாதி வழியில், பேருந்து ஒரு குலுக்குக் குலுக்கியதில், முன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு குடையின் கைப்பிடி எட்டிப் பார்த்தது.

பேருந்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அடுத்த நொடி அத்தனை பேருக்கும் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான காட்சி தென்பட்டது. நடத்துநர் டிக்கெட்டுக் கட்டை ஆராய்ந்தார். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"அம்மா, அந்தக் குடை..."

"நாம ஒண்ணும் பார்க்கல. வெளியே பாரு."

"இல்லம்மா, அது..."

"வாயைத் திறந்தே, தெரியும்."

நிறுத்தத்தில் மூவரும் இறங்கினார்கள். பேருந்து கிளம்பியதும் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"குடையை எடுடி."

மகள் வெறும் கைகளை விரித்துக் காட்டினாள். "அதைத்தாம்மா அப்பலேர்ந்து சொல்ல வந்தேன்."

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "பாதகமில்ல தங்கச்சி. யாராவது நல்லவங்க எடுத்து அலுவலகத்துல ஒப்படைப்பாங்க."

"யாருண்ணே எடுப்பாங்க? எல்லாரும் நம்மளை மாதிரிதானே."

அப்படியே யாராவது ஒப்படைத்தாலும் அந்தப் படிவம் இருக்கிறது. நாலாவது கேள்வி: 'பொருளைக் கடைசியாக எங்கே, எப்போது பார்த்தீர்கள்?' அதற்கு என்ன பொய் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே, நியாயக்காரி தொப்பலாக நனைந்து வீட்டுக்கு நடந்தாள்.