அப்பாவின் தொலைபேசியைத் துண்டிக்கக் கோரி அக்காவுக்கு

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுமாரான நலம். லேண்ட்லைன் டெலிபோன் மட்டும் நல்ல நலம். உன் உடம்பும், அத்தானின் முதுகும், பிள்ளைகளின் படிப்பும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். செல்லில் கூப்பிட்டுச் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மணி அடிக்கிற எந்தப் பொருளையும் எனக்கு இப்போது தொடவே பிடிக்கவில்லை, அக்கா. அதோடு, போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய். சிரிக்கிற விஷயமில்லை இது. அந்த லேண்ட்லைன் நீ வேலைக்குப் போன புதிதில் உன் பெயரில் வாங்கியது. துண்டிக்க வேண்டுமென்றால் உன் கையெழுத்துதான் வேண்டும் என்று டெலிபோன் அலுவலகத்தில் ஒரே பிடியாக நிற்கிறார்கள். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே போட்டாலும் சரி, கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

அப்பா நடக்கிறாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். இடுப்பு ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொன்னது உனக்கே தெரியும். தினமும் எழுந்து நடந்தால் தப்பித்தார், உட்கார்ந்தே இருந்தால் படுக்கைதான், படுத்துவிட்டால் அப்புறம் எழுப்பவே முடியாது. அதற்காகத்தான் பிசியோதெரபி அம்மாவை ஏற்பாடு செய்தேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார். "ஐயா, ஒரு நாலு அடி வைங்க ஐயா" என்று அந்த அம்மா கெஞ்சுவார். "எங்க போகணும்?" என்பார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "எங்கயும் போக வேணாம், சும்மா நடங்க." "எங்கயும் போகாம எதுக்கும்மா நடக்கணும்?" அந்த அம்மாவும் காலைப் பிடித்து நீட்டி மடக்கிவிட்டுப் போகிறார்.

ஆனால் டெலிபோன் மணி அடிக்கட்டும், அப்போது பார்க்க வேண்டும் உன் அப்பாவை! ஆயுசு பூராவும் தீயணைப்பு நிலையத்தில் டெலிபோன் மேசையில் உட்கார்ந்தவர் இல்லையா, மணி அடித்தால் எங்கேயோ ஒரு வீடு எரிகிறது என்றுதான் அவர் உடம்புக்குத் தெரியும். அந்த மேசைச் சட்டங்களை நம் வீட்டிலும் போட்டு நம்மை வளர்த்தவர். மணியை அடிக்கவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. கூப்பிட்டவர் வைக்கிற வரை நாம் வைக்கக் கூடாது. டெலிபோன் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கவே கூடாது, ஏனென்றால் உட்கார்ந்தபடி எடுப்பவன் பாதித் தூக்கத்தில் பேசுவான், எழுந்து வந்து எடுப்பவன்தான் விழித்திருப்பான். அதனால்தான் அது இன்றைக்கும் நடையின் கடைசியில், சமையலறைக் கதவுப் பக்கத்து அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அவர் நாற்காலி இந்தக் கோடியில், என் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்சுவரை ஒட்டி. கிட்டே மாற்றி வைக்கிறேன் என்றால் குறுக்கே கையை நீட்டி மறிக்கிறார். மணி அடித்ததும் வாக்கரைப் பிடித்து எழுந்து, "வரேன், வரேன்!" என்று கத்திக்கொண்டு, தடதடவென்று அந்த நடை முழுக்க ஒரு ஓட்டம். கால் தடுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? நீயா, அந்த மெஷினா?

மெஷின்தான், அக்கா. கூப்பிடுவது மனுஷனே இல்லை. பதிவு செய்த குரல். "வாழ்த்துகள்! உங்களுக்குத் தனிநபர் கடன் காத்திருக்கிறது" என்று அது தேன் ஒழுகச் சொல்லும். அப்பா, "பதறாதீங்கம்மா. மொதல்ல இடத்தச் சொல்லுங்க. உள்ள யாராச்சும் மாட்டியிருக்காங்களா?" என்பார். "கடன் பெற எண் ஒன்றை அழுத்தவும்" என்னும் அது. அழுத்துவார். "அப்பா, அது மெஷின்பா" என்று நான் தொண்டை கிழியக் கத்தினால், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "எனக்குத் தெரியாதா? அதுக்குப் பின்னாடி ஒரு ஆளு இருப்பான்ல? அவன் வர்ற வரைக்கும் லைன்ல நிக்கணும்டா" என்கிறார். நின்றுகொண்டே இருக்கிறார். குரல் தன் பாட்டுக்குப் பேசி ஓய்ந்து, எதிர்ப்பக்கம் துண்டித்த பிறகுதான் வைக்கிறார். நாற்காலிக்கு வந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த மணி. கடையில் என் நிலைமையை நினைத்துப் பார். வாடிக்கையாளரை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, "கடைசி வரியப் படிங்க" என்பேன். பின்சுவருக்கு அப்பாலிருந்து "வரேன், வரேன்!" என்று கூச்சல் வரும். பாவம், அந்த ஆள் எழுத்தை விட்டுவிட்டுக் கதவைப் பார்ப்பார். போன மாதம் ஒருவருக்கு இப்படித்தான் பவரைத் தப்பாகக் கொடுத்து, அவர் மாடிப்படியை இரண்டிரண்டாகப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

நாய்க் கதையைக் கேள். "உங்கள் வீட்டில் நாய் இருந்தால் எண் இரண்டை அழுத்தவும்" என்றதாம். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு நாய் குரைத்திருக்கிறது. அழுத்திவிட்டார். மறுநாள் டை கட்டிய ஒரு இளைஞர் நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்க வந்து நிற்கிறார். நாய் எங்கே, வயசென்ன, யாரையாவது கடித்திருக்கிறதா என்று அவர் கேட்க, அவர் ஆபீசில் வெளியேற எத்தனை வழி, மாடியில் தண்ணீர்த் தொட்டி உண்டா, மாடிக் கதவைப் பூட்டி வைப்பார்களா என்று அப்பா குடைந்தெடுக்க, அந்தப் பிள்ளை முகம் வெளுத்துப்போய் பேனாவை இங்கேயே விட்டுவிட்டு ஓடினார். அதற்கு முன்னால் இதே மாதிரி எதையோ அழுத்தியதில், வீட்டுமனை காட்ட வேன் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவரைத் திருப்பி அனுப்புவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பதில் சொல்லும் மெஷின் ஒன்று வாங்கி மாட்டினேன். "உங்க குரல்ல ரெண்டு வார்த்த சொல்லுங்கப்பா" என்று கேட்டது என் புத்தி கெட்ட வேலை. "பதறாதீங்க. இடத்தச் சொல்லுங்க. வண்டி கெளம்பிருச்சு" என்று பேசி வைத்துவிட்டார். மெஷினும் மெஷினும் பதிவு செய்யும் இடம் நிரம்பும் வரை ஒன்றையொன்று சமாதானப்படுத்திக்கொண்டிருந்தன. லென்ஸ் அனுப்பும் கம்பெனிக்காரர் கூப்பிட்டு இதைக் கேட்டுவிட்டு, என் கடை எரிந்துபோனதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். துக்கம் விசாரிக்க வேறு ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கே அந்த மெஷினைக் கழற்றிவிட்டேன். அப்புறம், இந்த மாதிரி அழைப்புகளே வேண்டாம் என்று பதிவு செய்யலாம் என்றார்களே, அதையும் செய்து பார்த்தேன். பதிவு செய்ய ஒரு மெஷினைத்தான் கூப்பிட வேண்டுமாம்! என் செல்லிலிருந்து கூப்பிட்டு, லேண்ட்லைன் நம்பரைக் கொடுத்து, அது சொல்லச் சொல்ல அழுத்தினேன். எங்கேயோ விரல் தவறியிருக்கிறது. இப்போது தினம் காலையில் ஒரு பெண் குரல் என் செல்லில் வந்து தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நீ மட்டும் மெஷின்கூட அரைமணி நேரம் பேசலாமோ?" என்றார்.

கடைசியில் பொறுக்க முடியாமல் போன வாரம் வயரையே பிடுங்கிவிட்டேன். "ஏன்டா மணியே அடிக்கல?" என்று கேட்டார். லைனில் ரிப்பேர் என்றேன். வீடு வீடாக இருக்கிறது. அவரும் அமைதியாக நாற்காலியிலேயே இருக்கிறார், விழுவார் என்ற பயம் எனக்கு விட்டது. ஆகவே அக்கா, மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்தைப் போடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கண்ணாடி போடாத கண்ணோடு நீண்ட காலம் இருக்கட்டும் என்று, தொழிலுக்கு விரோதமாக, மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
காது மட்டும் மிஞ்சியிருக்கும் உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடக் கிளம்பும்போது பிசியோதெரபி அம்மா வந்தார். அப்பாவின் தொடையைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்ன சார் இது, இப்படித் தொளதொளன்னு ஆயிருச்சு? போன வாரம் நல்லா இறுகியிருந்துச்சே! அப்ப யாரு நடக்க வெச்சீங்க?" என்று கேட்டார். நான் அசடு வழிய நின்றேன். சமையலறையிலிருந்து உன் தம்பி பெண்டாட்டி, "நாளு பூரா அந்த நடைய அளந்துக்கிட்டிருந்தாரே, அது இவரு கண்ணுல படல. கண்ணாடிக் கடை வேற!" என்றாள்.

ஓடிப்போய் வயரை மாட்டினேன். மத்தியானம் வரை காத்திருந்தேன். டெலிபோன் மணி ஒரு தடவையாவது அடிக்க வேண்டுமே! அழைப்புகள் வேண்டாம் என்று நான் கொடுத்த பதிவு, விரல் தவறியும், இதற்குள் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. கடனும் வரவில்லை, மனையும் வரவில்லை. அப்பா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார். கடைக்குள் போய்ச் செல்லை எடுத்து லேண்ட்லைன் நம்பரைப் போட்டேன். நாற்காலி கிரீச்சிட்டது, எட்டிப் பார்த்தேன். எழுந்தார், அக்கா. போன வாரம் மாதிரி ஓடவில்லை, சுவரைப் பிடித்து நின்று நின்று போனார். அவர் எடுத்ததும் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வாழ்த்துகள்! உங்களுக்குத் தனிநபர் கடன் காத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கடைசி வரை கேட்டார். பிறகு, "ஏன்டா, கடையில ஆளே இல்லையா?" என்றார். நான் செல்லை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. "சரி, ஒண்ண அழுத்தட்டா?" என்றார்.

அந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போடு. என் குரல் அவருக்குப் பிடிபட்டுவிட்டது, இந்த வேஷம் ரொம்ப நாள் தாங்காது. இனிமேல் என் செல்லுக்குக் கூப்பிட்டு "அப்பாகிட்ட குடு" என்று சொல்லாதே. லேண்ட்லைனுக்கே கூப்பிடு. அத்தானையும் கூப்பிடச் சொல், பிள்ளைகளையும் தனித்தனியாகக் கூப்பிடச் சொல். மணி நிறைய நேரம் அடிக்கும். யாரும் எடுக்கவில்லையே என்று வைத்துவிடாதே. அவர் வந்துகொண்டிருப்பார்.