காணாமல் போன தகரக்கூரை மழை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு, மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். கதவு கிறீச்சிடுவதற்கு ஜாதகம் எழுதி வைத்த மனிதர் இந்தத் தேனிப் பக்கத்திலேயே ஒருத்தர்தான். கோம்பையில் எங்கள் மாடியில் குடியிருந்த சத்தக்காரர்.

டிவி தொடர் எடுக்கிறவர்களுக்குச் சத்தம் பிடித்து அனுப்புவது அவர் தொழில். பிடித்த ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் பெயர் போட்டு வைப்பார். எது, என்ன செய்தது, எந்த ஊர், எவ்வளவு தூரம். இந்த வரிசை மாறினால் சோறு இறங்காது. 'கதவு, கிறீச், கோம்பை, ரெண்டு முழம்.' என் வீட்டுக்காரரின் மத்தியானக் குறட்டைக்கும் இப்படி ஒரு பெயர் இருந்தது.

"குறட்டைக்கு எதுக்கு தம்பி ஊரு பேரு?" என்று கேட்டேன்.

"நாளைக்கு வருசநாட்டுக் குறட்டை ஒண்ணு வந்தா குழம்பிருமேக்கா!"

ஒரு தடவை கோம்பை நாய் குரைப்பதைப் பிடிக்கப் போனார். காற்று இரையாமல் இருக்க மைக்குக்கு ரோமச் சட்டை போட்டிருந்தார். நாய் அதைக் கீரி என்று நினைத்துவிட்டது. மைக்கோடு கையையும் கவ்வியது. ஊசி போட்டுக் கட்டோடு வந்தவர் வாசலிலேயே சொன்னார்: "யக்கா, குறிச்சுக்கிருங்க. நாயி, கடி, கோம்பை, தூரம் பூஜ்யம்."

கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் ஒற்றை விரலால் பெயர் தட்டினேன்.

அப்போது சென்னையிலிருந்து போன். தகரக்கூரையில் மழை பெய்கிற சத்தம் மத்தியானத்துக்குள் வேண்டுமாம். வந்தால் தொடர் முழுக்க அவர் சத்தம், வராவிட்டால் வேறு ஆள். வருஷக்கணக்காக அவர் காத்திருந்த வாய்ப்பு.

"யக்கா, போன வாரம் பிடிச்ச மளையக் காணமே! அவுக கேக்குறாக, மெசினு ஒண்ணுமே இல்லேங்குது!"

"மளைன்னு தேடுனீகளா தம்பி?"

"மளைன்னுதேன் தேடுறேன்!"

"அப்ப இருக்கணுமே."

"இல்லையேக்கா!"

எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் பக்கம் வாயில் இருப்பது ஒரே ஒரு ளதான்; அவர் தட்டித் தேடியது ழ, நான் தட்டி வைத்தது ள. ஊர்ச் சத்தமெல்லாம் பிடித்தவருக்கு அது மட்டும் காதில் விழவில்லை. வாயால் சொல்லி ஆகாது என்று நானே போய்த் தட்டினேன். ம, அப்புறம் ளை. கொட்டியது பாருங்கள், பத்துப் பன்னிரண்டு மளை! பட்டியலைக் கீழே இறக்கினால் 'கிளவி, இருமல்', 'வாளைமரம், முறிவு' எல்லாம் நான் போட்டு வைத்தது கண்ணில் பட்டது.

"கெடுத்துப்புட்டேனே தம்பி" என்று முகத்தை மூடிக்கொண்டேன்.

மழையை அனுப்பிவிட்டுத் திரும்பினார். "வாளைமரம் முறிஞ்சா மீனுல்லக்கா துள்ளும்?"

முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. அவர் ஒன்றையும் திருத்தவில்லை. வரிசையில் ஐந்தாவதாக 'அக்கா எழுத்து' என்று ஒரு இடம் போட்டார். உயிர் போனாலும் வரிசையை மாற்றாத மனிதர்!

தொடர் கிடைத்து சென்னைக்குப் போய்விட்டார். சில மாதம் கழித்து என் போனுக்கு ஒரு சத்தம் வந்தது, அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு. 'சிரிப்பு, அடங்கவில்லை, கோம்பை, ஒரு முழம்.' அவ்வளவு தூரம் போயும் ஒரு முழம் என்றே வைத்திருக்கிறார்.

இதில் எங்கே ழ, எங்கே ள என்று படித்தவர்கள் யாராவது சரிபார்த்துப் போடுங்கள். அந்த மளையை மட்டும் தொடவேண்டாம்.