ஏரிப் பேயும் கடலைத் தோலும்

வானத்தில் ருஷ்யாக்காரர்கள் ஏவிய செயற்கை நிலா பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், பெங்களூர் அல்சூர் ஏரியில் ஒரு மோட்டார் படகு பாதி ஏரியைக்கூடச் சுற்ற முடியாமல் நின்றது. செயற்கை நிலாவைப் பார்க்கக் கூட்டம் கூடவில்லை. நின்றுபோன படகைப் பார்க்கத்தான் ஞாயிறுதோறும் ஊர் திரண்டது. காக்ஸ் டவுனிலிருந்து சர்ச்சில் பூசை முடிந்த கையோடு சிலர் வந்தார்கள். ஜீவனஹள்ளியிலிருந்து குழந்தை குட்டிகளோடு பலர் வந்தார்கள். படகைப் பேய் பிடித்து இழுத்தது. அந்தப் பேயை ஜலயந்திர சித்தர் என்ற சாமியார் பிடித்து இழுத்தார். இரண்டு இழுப்பையும் ஒரே கரையில் நின்று பார்க்க முடிந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்?

கூட்டத்தால் சின்னத்தாயிக்கு வறுத்த கடலை நன்றாகவே விற்றது. அந்தப் பேய் அவளுடைய புருஷன் என்பதுதான் சங்கடம்.

முனிரத்தினம் இரண்டு வருடங்களுக்கு முன் மீன் வலையோடு ஏரியில் இறங்கியவன். வலை மட்டும் கரைக்கு வந்தது. அவன்தான் தண்ணீருக்குள்ளிருந்து மோட்டாரின் விசிறியைப் பற்றிக்கொள்கிறான் என்று சித்தர் கண்டுபிடித்தார். மனைவி தினமும் கரையில் வந்து உட்காருவதால்தான் அந்த ஆவிக்கு இடத்தை விட்டுப் போக மனமில்லையாம். ஆகவே வரும் ஞாயிறோடு அவள் கரையைக் காலிசெய்ய வேண்டும். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். இந்தப் பக்கம் மறுபடி தலைகாட்டக் கூடாது. கூட்டம் தலையாட்டியது. அடுப்பும் சட்டியும் தவிர வேறு பிழைப்பு இல்லாத ஒருத்தியை விரட்டுவதற்குத் தலையை ஆட்டினால் போதும் என்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு!

"உசுரோட இருந்தப்ப ஒரு குடம் தண்ணி தூக்கித் தந்ததில்ல அந்த மனுசன்," என்றாள் சின்னத்தாயி. "செத்தப்புறம் மோட்டாரையே புடிச்சு நிறுத்துற அளவுக்கு எங்கேந்து வந்துச்சு பலம்?"

கேள்வி நியாயமாக இருந்ததால் கூட்டத்தார் கடலையைக் கொறிப்பதில் மும்முரமானார்கள். அவளுடைய அடுப்பை ஒட்டி, சித்தரின் மைத்துனர் மந்திரித்த எலுமிச்சம்பழக் கடையை ஏற்கெனவே போட்டிருந்தார். கடை வாரத்துக்கு ஒரு முழம் அவள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அது எந்த ஆவியின் இழுப்பு என்று யாரும் விசாரிக்கவில்லை.

படகுக்குச் சொந்தக்காரர் அப்பாதுரை. மிலிட்டரி ஏலத்தில் அந்தப் பழைய மோட்டாரை எடுத்தவர். படகின் பின்பலகையில் மாட்டுவது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து குடிப்பது. தலைமேலேயே சின்னதாக ஒரு டாங்கியைச் சுமந்திருப்பது. கயிற்றை இழுத்தால் பொறுப்பாகக் கிளம்பும். ஏரி நடுவே போனதும் சத்தம் தளரும், வேகம் குறையும், இருமும், நின்றுவிடும். அப்பாதுரை செய்யாத வைத்தியம் இல்லை. பிளக்கைச் சுரண்டினார், பிறகு மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். எண்ணெயைக் கூட்டினார், குறைத்தார். விசிறியில் சுற்றிய பாசியை அறுத்தார். மெக்கானிக் ஒருவர் வந்து, தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மோட்டாரை இறக்கிச் சற்றுநேரம் ஓட்டிப் பார்த்து, "குதிரை மாதிரி ஓடுது சார், ஏரியிலதான் ஏதோ கோளாறு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். சித்தர் வருவதற்கான பாதையைச் செப்பனிட்டது அந்தத் தீர்ப்புதான்.

சித்தரின் முறை எளியது. படகு நின்றதும் மந்திரம் சொல்வார். டாங்கியின் மூடியை மெல்லத் திருகுவார். 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்கும். கூட்டம் அந்த ஒற்றைச்சொல் பாடலுக்கு விரிவான உரை எழுதிக்கொண்டது: அது முனிரத்தினத்தின் ஏக்கம் என்றார் ஒருவர், கோபம் என்றார் இன்னொருவர், மன்னிப்புக் கேட்கிறான் என்றது மூன்றாவது உரை. மூலத்தை நெருங்கிப் பார்த்த உரையாசிரியர் எவருமில்லை. பிறகு மோட்டார் கிளம்பும், கரை வந்து சேரும். சித்தர் மூடியின் உச்சியில் சிவப்பாக ஒரு ரட்சைப் பொட்டைப் பதிப்பார். "இதைத் தொடுகிறவன் ரத்தம் கக்குவான். தண்ணீர்மேல் மூடியைத் திறக்க எனக்கு மட்டுமே உத்தரவு," என்பார். மறுநாளே மோட்டார் மறுபடி நிற்கும். அடுத்த ஞாயிறு மறுபடி சித்தர், மறுபடி தாம்பாளம், மறுபடி தட்சிணை.

கெடு வைத்த ஞாயிறும் வந்தது. காலையில், கன்டோன்மென்ட்டில் பெண்கள் பள்ளியொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் பவுலின் வழக்கம்போல் கடலை வாங்க வந்தாள். சின்னத்தாயி சட்டியைக் கவிழ்த்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சின்னத்தாயி, கடை மூடியாச்சா?"

"என்னைத்தான் மூடுறாங்க டீச்சரம்மா."

கதையைக் கேட்ட பவுலின், "படகு எப்பலேருந்து நிக்குது?" என்றாள்.

"ஆயுத பூஜைக்கு மறுநாள்லேருந்து. அவரு போயி ரெண்டு வருசம். அதுவரைக்கும் சும்மா இருந்துட்டு, பூஜை முடிஞ்சு டியூட்டியில சேந்தாரா?"

பவுலின் சிரித்துவிட்டாள். "பூஜைக்கு மோட்டாருக்கு என்ன பண்ணாங்க?"

"எல்லாரும் பண்றதுதான். சந்தனம், குங்குமம். என் சட்டிக்கே நான் வெச்சேன். படகுக்காரரு மோட்டாருக்கு நெத்தி எதுன்னு தேடி, உச்சியில மூடிமேல வெச்சாரு. சாமியாரும் அங்கயேதான் வெக்கிறாரு."

பவுலின் சிரிப்பதை நிறுத்தினாள். மூட்டையின் ஓரத்தில் கிடந்த கடலைத் தோல்களில் கொஞ்சம் அள்ளிச் சின்னத்தாயியின் உள்ளங்கையில் வைத்து, அவள் காதருகே ஏதோ சொன்னாள்.

சித்தர் வந்ததும் சின்னத்தாயி அவர்முன் போய் நின்றாள். "போயிடுறேன் சாமி. போறதுக்கு முன்ன என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். படகுல கூட்டிட்டுப் போங்க. துணைக்கு டீச்சரம்மா வரட்டும்."

ஒரு விதவையின் கடைசி ஆசையை ஊரறிய மறுக்க எந்தச் சித்தருக்கும் துணிவு வராது. சாட்சியாக டென்சிலும் ஏறிக்கொண்டார். காக்ஸ் டவுன்காரர், ஆபீசில் ஹெட் கிளார்க். ஏறும்போதே அப்பாதுரையின் காதில், "நான் வந்தது ஃபாதருக்குத் தெரிய வேணாம்பா," என்றார். மதம் எதுவானால் என்ன, பேய் விஷயத்தில் ஊர் ஒற்றுமையாகவே இருந்தது.

மோட்டார் கிளம்பியது. ஏரி நடுவே தளர்ந்தது, இருமியது, நின்றது. கரையில் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தர் மூடிமேல் கைவைத்தார்.

"ஒரு நிமிஷம் சாமி," என்றாள் பவுலின். "பெருமூச்சு வெளியதானே வருது?"

"வெளியேதான்! ஆவி விட்டு விலகும் மூச்சு!"

"அப்ப மூடிமேல கடலைத் தோலைக் காட்டினா பறக்கும், இல்லையா?"

"இங்கிருந்து கரைவரை பறக்கும்!" என்றார் சித்தர். உற்சாகம் அவரை ஏமாற்றிவிட்டது.

சின்னத்தாயி கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். சிவப்புப் பொட்டின் நடுவில் வைத்தாள்.

"தொடாதே! ரத்தம் கக்குவாய்!"

அவளுக்கு மூட்டை கட்டிய சட்டி நினைவுக்கு வந்தது. "கக்கினா முந்தானையில துடைச்சுக்கிறேன்," என்று சொல்லி அழுத்தினாள். ஊசியை எடுத்த கணத்தில் அந்த இடத்தில் ஒரு தோலைக் காட்டினாள்.

'உஸ்ஸ்.'

தோல் பறக்கவில்லை. விரலிலிருந்து நழுவி, பொட்டின் நடுவே ஓட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

"உள்ள போகுதுப்பா!" என்று கத்தினார் டென்சில். "காத்து வெளிய வரல, உள்ள போகுது!"

"அபசாரம்! ஆவி உள்ளே திரும்பிவிட்டது!" என்றார் சித்தர்.

"ரொம்ப நல்லது," என்றாள் பவுலின். "பேய் முழுசா உள்ள இருக்கு. தோலை எடுத்துட்டு இப்ப கயித்தை இழுங்க அண்ணே."

அப்பாதுரை இழுத்தார். மோட்டார் கிளம்பியது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றியது. தீவைத் தாண்டி மறுபடி சுற்றியது. பேயை உள்ளே வைத்துக்கொண்டு அது அவ்வளவு சந்தோஷமாக ஓடியதை யாரும் முன்பு பார்த்ததில்லை. மூன்றாம் சுற்றில் அப்பாதுரை சித்தரின் பையை வெடுக்கென்று இழுத்தார். குங்கும உருண்டை உருண்டு விழுந்தது. விரலால் நசுக்கினார்; பிசுபிசுவென்று ஒட்டியது.

"குங்குமத்துல மெழுகு எதுக்கு சாமி?"

சித்தர் ஏரியின் அழகை ரசித்துக்கொண்டிருந்தார். அப்பாதுரை அந்த மெழுகால் ஓட்டையை அடைத்தார். மோட்டார் சிறிது ஓடி, தளர்ந்து, இருமி, நின்றது. ஊசியால் குத்தினார், உஸ் என்றது, ஓடியது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை. முனிரத்தினம் ஓர் ஊசிக்கு இவ்வளவு கீழ்ப்படிந்து நடந்ததைக் கண்டு சின்னத்தாயிக்கே பொறாமையாக இருந்தது.

"டென்சில் சார்," என்றாள் பவுலின், "வீட்டுல கெட்டிப்பால் டின்னுல எத்தனை ஓட்டை போடுவீங்க?"

"ரெண்டு. ஒண்ணு போட்டா பால் வராதே."

"ஏன்?"

"காத்து உள்ள போக வேணாமா…" என்று தொடங்கிய டென்சில் நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். தினமும் காபிக்குப் பயன்பட்ட அறிவை ஏரிக்கரைக்கு எடுத்துவர மறந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பாதுரை மோட்டாரை நிறுத்தினார். "இறங்குங்க சாமி. ஜல சித்தராச்சே, நடந்தே போயிடுவீங்க."

"ஐயோ, நீச்சல் தெரியாதுப்பா!" சித்தரின் செந்தமிழ் அந்த இடத்திலேயே மூழ்கியது. "சந்தானம்பா என் பேரு. மோட்டார் பட்டறையில இருந்தவன். நீங்க வெச்ச பொட்டு, மூடியில காத்து போற ஓட்டையை அடைச்சு, பெட்ரோலை இறங்க விடாம பண்ணியிருக்கிறதைப் பாத்தேன். எடுத்துவிட்டா ஒரு ரூபா தருவீங்க. வெச்சுவிட்டா வாராவாரம் வரலாம்னு…"

"இந்தம்மாவை ஏன்யா விரட்டினே?"

"மச்சானுக்குக் கடை போட இடம் பத்தல."

படகு கரையை அடைவதற்குள், டென்சில் போட்ட கூச்சலில் செய்தி கரையை அடைந்திருந்தது. மைத்துனர் எலுமிச்சம்பழங்களை விட்டுவிட்டுப் போயிருந்தார். மந்திரித்த பழங்கள் அவரைத் தடுக்கவில்லை. சந்தானத்தை இரண்டு பேர் கையைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடத்திச் சென்றார்கள்.

"மன்னிச்சுக்க சின்னத்தாயி," என்றார் அப்பாதுரை. "அடுப்பைப் பத்த வை."

அவள் மூட்டையை அவிழ்த்துச் சட்டியை நிமிர்த்தினாள். கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. திருந்திய கூட்டமென்று நினைத்து அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓர் அம்மாள் அழுகிற குழந்தையை நீட்டி, "தாயி, பேயையே ஓட்டின ஊசியாச்சே, இவன் நெத்தியில ஒரு தரம் வெச்சு எடும்மா," என்றாள். பின்னால் ஒருவர் எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்றார். வரிசை நீண்டுகொண்டிருந்தது.

சின்னத்தாயி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"அந்த மோட்டாருக்கு இருந்தது ஒரே ஓட்டை, அதையும் அடுத்தவன் அடைச்சான், நின்னுபோச்சு. உங்களுக்குக் கண்ணு, காது, மூக்குன்னு எல்லாம் தொறந்துதானே இருக்கு? அப்புறம் ஏன்மா மூளைக்கு மட்டும் காத்தே போக மாட்டேங்குது?" என்றாள். "கடலை வேணும்னா நில்லுங்க. அருள் வேணும்னா வீட்டுக்குப் போயி யோசிங்க!"