என் கம்பங்களை அழித்த மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடலளவில் சௌக்கியம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று இந்த வரி வரைக்கும் மனதார விரும்புகிறேன். அடுத்த வரியிலிருந்து எனக்குக் கோபம் வருகிறது, தப்பாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் என் கம்பங்களை அழித்துவிட்டீர்கள். ஒன்று விடாமல் அழித்துவிட்டீர்கள். இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் கோபப்பட ஆரம்பித்ததும் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்பீர்கள். மூன்றாவது சரிக்குள் எனக்கு எதற்காகக் கோபம் வந்தது என்பதே மறந்துவிடும். கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பலாம் என்றால், அது என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறது. அதுவும் உங்கள் கைங்கரியம்தான். ஆகவே பேனாவை எடுத்தேன்.

கம்ப்யூட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போன லீவுக்கு வந்தபோது நீங்கள் அதன் முன்னால் உட்கார்ந்து, "மாமா, இதுல இருக்கிறது பூரா திருட்டு சாஃப்ட்வேர்" என்றீர்கள். இருக்கலாம். ஆனால் அந்தத் திருடன் இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்து ஒரு நாள்கூட என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அதைத் துடைத்துவிட்டு, "இது இலவசம் மாமா, வைரஸ் வராது, தமிழ்லயே பேசும்" என்று புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நன்றாகத்தான் பேசுகிறது. நீங்கள் ரயில் ஏறிய மறுநாளே, "நினைவகம் போதவில்லை" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னது. பக்கத்தில் நின்ற உங்கள் அத்தை, "நான் சொன்னா கோவம் வருது, இப்ப மிஷினே சொல்லுது பாருங்க" என்றாள். அதோடு விட்டதா? எதைத் தொட்டாலும் "நிச்சயமாகவா?" என்று கேட்கிறது. மின்சார இலாகாவில் மலைக்கு மாற்றல் போட்டபோது என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. கல்யாணத்தின்போதும் யாரும் கேட்கவில்லை. இந்த வயதில் திடீரென்று ஒருவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்தான் இருக்கிறது. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று மூன்றாவதாக ஒன்று வைத்திருக்க வேண்டாமா? சரி, பென்ஷன் ஆபீசுக்கு ஒரு கடிதம் அடித்துக்கொண்டு தெருமுனை பிரிண்ட் கடைக்குப் போனேன். அங்கே அவர்களுடைய மிஷினில் திறந்தால் கொம்பெல்லாம் கழன்று தனியாக நிற்கிறது, காலெல்லாம் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. அந்தக் கடைப் பெண் ரொம்ப மரியாதையாக, "சார், இது எந்த மொழி?" என்று கேட்டாள்.

அப்புறம் கடவுச்சொல். அதில் ஒரு பெரிய எழுத்து இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் எல்லா எழுத்தும் ஒரே உயரம்தானே? இருப்பதிலேயே அகலமானது 'ஔ'. அதைப் போட்டேன். ஏற்கவில்லை. கடைசியில் என் மகள் போனில் சொல்லச் சொல்ல ஏதோ ஒன்றை வைத்தோம். "எங்கயும் எழுதி வைக்காதீங்க மாமா" என்பது உங்கள் உத்தரவு. எழுதவில்லை. என் நினைவகத்தின் நிலையைத்தான் மிஷினே சொல்லிவிட்டதே, இப்போது நான் வெளியே நிற்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி எனக்கும் அபிப்பிராயம் உண்டு. கம்பத்தில் யாரும் ஏறக் கூடாது என்றால் நாங்கள் கடவுச்சொல்லா கேட்டோம்? மண்டையோடு வரைந்து 'அபாயம்' என்று ஒரு பலகை மாட்டினோம், அவ்வளவுதான். படிக்கத் தெரிந்தவனும் ஏறவில்லை, தெரியாதவனும் ஏறவில்லை. வீட்டில் கிடந்த அப்படிப்பட்ட பழைய பலகை ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் மாட்டினேன். வீடு பெருக்க வருகிற அம்மா அன்றிலிருந்து அந்த மேஜைப் பக்கமே போவதில்லை. வைரஸும் வரவில்லை, தூசி மட்டும் வந்திருக்கிறது. போதாததற்கு, வேலை முடிந்ததும் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். கரண்டே இல்லாத மிஷினுக்குள் எந்தத் திருடன் நுழைவான்? ஃபிரிட்ஜும் அதே பியூஸில்தான் ஓடுகிறது என்று உங்கள் அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அது வேறு கதை.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் பேசிய சமயத்தில் எல்லாரும் என்னிடம் உங்கள் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். சினிமாவில் சண்டைக்காரர்கள் தொங்குகிற கம்பியைக் கம்ப்யூட்டரில் அழிக்கிறார் என்று எனக்குப் புரிந்தவரை சொன்னேன். காது மந்தமான என் பெரியப்பா மகன் இருக்கிறாரே, அவருக்கு 'கம்பி' மட்டும்தான் விழுந்தது. என்னைத் தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், "எத்தனை வருஷம்?" என்றார். "நாலு வருஷம் ஆச்சு. அங்கயே இருக்கத்தான் ஆசைப்படுறார், நல்ல பேர் எடுத்திருக்கார்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பேர் எடுத்தா சீக்கிரமே விட்டுடுவாங்கப்பா, கவலைப்படாதே" என்றார். நீங்கள் கம்பி எண்ணுகிறீர்கள் என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். உங்களை நேரில் பார்க்கும்போதெல்லாம் ஜாமீனில் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கக் கம்பி இழுத்தவனுக்குக் கம்பி அழிக்கிறவர் மருமகனாக வாய்த்ததையும் சிரித்துக்கொண்டே ஏற்றேன். ஆனால் நீங்கள் போனில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். "மாமா, நம்ம ராஜா படம் ஷூட்டிங் நடந்தது நீங்க லைன் போட்ட மலையிலதான். ஆறு மாசமா உங்க கம்பங்களோடதான் குடித்தனம். ஒவ்வொண்ணும் எனக்கு அத்துப்படி." இதைக் கேட்டால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்? நான் நட்ட கம்பங்கள் திரையில் வரப்போகின்றன என்றுதானே நினைப்பான்? அந்த மலைக்கு அப்போது வண்டிப் பாதை கிடையாது. உச்சியில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு விளக்கு வேண்டும் என்று கம்பங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினோம். என் வேலையில் நான் பெருமைப்படுகிற லைன் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தெருவோரம் நிற்பது, யார் வேண்டுமானாலும் நட்டிருக்கலாம்.

ஆகவே எல்லாரிடமும் சொன்னேன். இலாகாவில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் சேர்த்துத் தியேட்டரில் ஒரு வரிசையையே பதிவு செய்தேன். 'எர்த்து' வந்தார். யார் கோபப்பட்டாலும் அது அவர்மேல் போய் இறங்கிவிடும் என்பதால் இலாகாவில் அவருக்கு அந்தப் பேர். மாடியில் குடியிருக்கிற மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். ராஜா குதிரையில் மலை ஏறுகிறார். "இப்ப பாருங்க, இடது பக்கம்" என்றேன். மலை இருக்கிறது, குதிரை இருக்கிறது, மேகம் இருக்கிறது. கம்பம் இல்லை. "எங்கய்யா?" என்றார் எர்த்து. "அடுத்த வளைவுல வரும்" என்றேன். அடுத்த வளைவும் வந்தது, புலியும் வந்தது, கம்பம் வரவில்லை. எர்த்து என் காதில், "லைனையே காணோமே, எவனாவது கழட்டி எடைக்குப் போட்டுட்டானா? ஒரு புகார் எழுதிடலாமா?" என்றார். அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்த ஒருவர், "இல்லப்பா, அந்த ராஜா விவரமானவரு. பூமிக்கடியில கேபிள் போட்டுட்டாரு" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? இடைவேளைக்குப் பிறகு திரையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கதவுக்கு மேலே 'வெளியே' என்று எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலாவது கரண்ட் இருந்தது. கூட வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், மீதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

இது ராஜா காலத்துக் கதை, கரண்ட் ஏது என்பீர்கள். என் மகளும் அதையேதான் சொன்னாள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராணி கையில் தடுப்பூசித் தழும்பு பளிச்சென்று தெரிகிறதே, அது மட்டும் அந்தக் காலமா? அந்தப் புலி புல்மேல் நடக்கிறது, ஒரு புல்லாவது வளைந்ததா? புயலில் கப்பல் இரண்டாகப் பிளக்கிறது, ராஜாவின் தலைமுடி கலையவில்லை. இத்தனையையும் ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், ஓரமாக நாலு கம்பம் நின்றால் பொறுக்க மாட்டார்களா? சண்டைக் காட்சியில் ஆகாயத்தில் பறந்தவருக்குக் கைதட்டினார்கள். அவரைத் தாங்கிய கம்பிக்கு யாரும் தட்டவில்லை. எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

படம் முடிந்ததும் உங்கள் பேரையாவது பார்ப்போம் என்று நானும் உங்கள் அத்தையும் உட்கார்ந்திருந்தோம். பேர்கள் எறும்புச் சாரை போலப் போய்க்கொண்டே இருந்தன. பாதியில் விளக்கைப் போட்டுவிட்டு, துடைப்பத்தோடு ஆள் வந்துவிட்டார். நான் பார்க்கவில்லை. உங்கள் அத்தை பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறாள். அன்றைக்கு அவள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படம் வருவதற்கு முன்னால், கம்ப்யூட்டர் என்னை உள்ளே விட்டுக்கொண்டிருந்த நாளில், உங்கள் பேரில் 'மாமாவுக்கு ஓர் ஆச்சரியம்' என்று ஒரு மெயில் வந்தது. "மோசடிக்காரங்க இப்படித்தான் எழுதுவாங்க மாமா, என் பேர்ல வந்தாலும் திறக்காதீங்க" என்று சொன்னவர் நீங்கள். திறக்கவில்லை. அழித்தேன். நிச்சயமாகவா என்றது, என் வாழ்க்கையில் முதல்முறையாக நிச்சயமாக இருந்தேன். அதில் கம்பங்களைப் பற்றித்தான் எழுதியிருப்பீர்கள் என்கிறாள் உங்கள் அத்தை. இருக்கட்டும், ஆச்சரியத்தைத்தான் தியேட்டரில் பார்த்துவிட்டேனே.

ஆகவே என் முடிவு இது. இந்தப் படம் அடுத்து வீட்டு டிவிக்கு வரும்போது ஒரே ஒரு கம்பத்தையாவது திருப்பி நட வேண்டும். ஓரத்தில் நின்றால் போதும், ராஜாவை மறைக்க வேண்டியதில்லை. அது நடக்கிற வரைக்கும் நீங்கள் இந்த வீட்டுக்கு வர வேண்டாம். இந்த லீவுக்கு என் மகளை மட்டும் அனுப்பவும். நான் அந்தப் பழைய திருட்டு சாஃப்ட்வேரையே திரும்பவும் குடியேற்றப் போகிறேன், இதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற உங்கள் கண்ணுக்கும், குனிந்தே இருக்கிற முதுகுக்கும் ஒரு குறையும் வராதிருக்க என் ஆசிகள். கோபம் வேறு, ஆசி வேறு. உங்கள் அத்தை தன் ஆசியைத் தனியாகப் போனில் சொல்லிக்கொள்வாளாம், இந்தக் கடிதத்தோடு சேர்க்க வேண்டாம் என்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். அவசரம், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். மருந்துக்கடைக்காரர் போனை நீட்டிக்கொண்டு மாடியிலிருந்து ஓடி வந்தார். ஊர் முழுக்க இதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களாம். ராஜா வாளை உயர்த்திச் சபதம் செய்கிற இடம். அவருடைய இடது தோளுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு மின்கம்பம். "ராஜா போனுக்குச் சார்ஜ் போடத்தான்" என்று எவனோ எழுதியிருக்கிறான். நான் போனைப் பிடுங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறுக்குச் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கொட்டுகிற மழையில் மாட்டிய சட்டம் அது, நான்தான் மாட்டினேன். மாப்பிள்ளை, உங்கள் அத்தையைக் கூப்பிட்டு நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் என் மகள் போன் செய்தாள். "அப்பா, அவர் வேணும்னேதான் அந்த ஒண்ணை விட்டு வெச்சாரு, உங்களுக்காக. இப்ப ஆபீஸ்ல யாரு விட்டதுன்னு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. அவர் முறை இன்னும் வரல" என்று அழுதாள்.

மாப்பிள்ளை, மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கம்பத்தை உடனே அழித்துவிடுங்கள். யார் கேட்டாலும் கண் அசந்துவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள், மாமனார் கம்பம் என்று வாயைத் திறக்காதீர்கள். அழித்துவிட்டு இந்த லீவுக்கு இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். நீங்கள் வராமல் என் மகள் மட்டும் வந்தால் உள்ளே விட மாட்டேன். இதை மகளிடம் போனிலேயே சொல்லிவிட்டேன், ஆனாலும் நட்ட கம்பத்தைப் பிடுங்க எங்கள் இலாகாவில் எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். அதனால் முறைப்படி எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன்: ராஜாவின் இடது தோளுக்குப் பின்னால் உள்ள மேற்படி கம்பத்தை அகற்றுவதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.