சாம்பல் தேசத்திலிருந்து வந்த மாப்பிள்ளை

என் முட்டாள்தனத்தை அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் பாவம் பார்த்துக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

பெண் பார்க்கப் போக வேண்டிய நாளில் கிழிந்த சாக்கை உடுத்தி, தோளில் டயர்த் துண்டைக் கட்டி, நெற்றியில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ரத்தமாக வழியவிட்டுக்கொண்டு தனுஷ்கோடி மணலில் போய் நின்றவன் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வயிற்றுப் பிழைப்புக்காகவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் கேமின் மூன்றாம் பாகம் வரப்போகிறது என்பதற்காக.

அப்போது, 2008-இல், ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராக இருந்தேன். (ஜாதகத்தோடு கொடுத்த தாளில் ‘சாஃப்ட்வேர் துறை’ என்று என்னைப் பெற்ற அய்யா எழுதியிருந்தார். நான் சொல்லிக்கொடுத்தது டைப் அடித்த லெட்டரைப் பிரிண்ட் எடுப்பது எப்படி என்று.) மாணவர்கள் இல்லாத நேரத்தில் அந்த விளையாட்டுதான். அதன் இங்கிலீஷ் பெயரைத் தமிழில் சொன்னால் ‘சாம்பல் தேசம்’. குண்டு விழுந்து உலகம் அழிந்துவிடும். மிஞ்சிய ஒருவனாக நாம் சாம்பலுக்குள் அலைவோம். டப்பா பொறுக்குவோம், தண்ணீர் தேடுவோம். வழியில் யாரையாவது பார்த்தால் அவர் ஒரு கேள்வி கேட்பார். திரையில் நான்கு பதில்கள் வரும். ஒன்றை அமுக்க வேண்டும். அமுக்கிய பதிலுக்கு ஏற்றபடி கதை திரும்பும்.

இரண்டாம் பாகம் வந்து பத்து வருஷம் போல ஆகியிருந்தது. இந்த இடைவெளியில் என் சிநேகிதர்கள் துபாய் போனார்கள், வீடு கட்டினார்கள், பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள். நான் காத்திருந்தேன். மூன்றாம் பாகத்தின் ஒரே ஒரு படம் இன்டர்நெட்டில் வெளியானபோது அதில் மூலையில் கிடந்த ஒரு செருப்பு யாருடையது என்று உலகம் முழுக்க உள்ள என்னைப் போன்ற வேலையற்றவர்களோடு ஒரு வாரம் சண்டை போட்டேன். அது கதாநாயகனின் அப்பாவுடையது என்பது என் கட்சி. என் அய்யாவின் செருப்பு அறுந்து கிடந்ததைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

இந்த நிலையில்தான் அந்தக் கம்பெனிக்காரன் போட்டி வைத்தான். உலகம் அழிந்த பிறகு நீ எப்படி இருப்பாய் என்று வேஷம் போட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஜெயித்தால் உன் முகத்தை மூன்றாம் பாகத்தில் ஒரு இடிந்த சுவரில் வரைவோம் என்றான். எனக்குத் தூக்கம் போயிற்று. அமெரிக்காக்காரன் இடிந்த சுவருக்கு அட்டையில் செட் போட வேண்டும். எனக்கோ பஸ் ஏறினால் தனுஷ்கோடி. புயலடித்து ஒரு ஊரே ரெடியாகக் கிடக்கிறது.

தாடி வளர்த்தேன். பழனிக்கு வேண்டுதல் என்றதும் அய்யா அகமகிழ்ந்துபோய் ஊரெல்லாம் சொன்னார். வேலை நெருக்கடியில் படம் எடுப்பதை இன்று நாளை என்று தள்ளித் தள்ளி, போட்டியின் கடைசித் தேதிதான் மிஞ்சியது. அதே நாள் சாயங்காலம் ராமேஸ்வரத்தில் சங்குக் கடை வைத்திருப்பவர் வீட்டில் பெண் பார்க்கும் ஏற்பாடு. பெண்ணின் போட்டோவை நான் பார்த்திருந்தேன். வெளியே காட்டிக்கொள்ளாமல் அடிக்கடி பார்த்திருந்தேன். இந்த இடம் எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று எனக்கே ஆசை. (அதற்கு முன் ஐந்தாறு இடங்களில் ‘மாப்பிள்ளை ஏதோ யோசனையாவே இருக்காரு’ என்று தட்டிக் கழித்திருந்தார்கள். செருப்பைப் பற்றிய யோசனை.)

“அய்யா, காலையில ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. நான் நேரா அங்கன வந்துருதேன்.”

“தாடியை எடுத்துட்டு வாடா. பழனி முருகன் கோவிச்சுக்கிற மாட்டாரு.”

சிநேகிதன் அன்சாரியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவனுடைய அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் கேமரா அவனிடம் இருந்தது. அந்த நாளில் தனுஷ்கோடிக்குத் தார் ரோடு கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போகிற வேனில் ஏற வேண்டும். போய் இறங்கி, இடிந்த சர்ச்சுக்குப் பின்னால் வேஷம் மாற்றினேன். சட்டை, பேண்ட், செல்போன், பர்ஸ், சவரக் கத்தி எல்லாம் அன்சாரியின் பைக்குள் போயிற்று. அவன் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தான். இறக்கினான்.

“மாப்ள, பேட்டரி செத்துப்போச்சுடா.”

“சார்ஜ் போடலையா?”

“போட்டேன். கரண்டு இல்லாதப்பப் போட்டுட்டேன் போல.”

ராமேஸ்வரம் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு அடுத்த வேனில் வந்துவிடுவதாகச் சொன்னான். “நீ வேஷத்தைக் கலைச்சிராத. அப்புடியே கேரக்டராவே இரு” என்று சொல்லிவிட்டுப் பையோடு போய்விட்டான். போன இடத்தில் கரண்ட் கட். தமிழ்நாடே இருட்டில் கிடந்த வருஷம் அது.

உலகம் அழிந்த பிறகு எப்படி இருக்கும் என்று எனக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. டயர் வெயிலில் இளகித் தோளில் ஒட்டியது. சாக்கு உடம்பை அறுத்தது. தாகம் வேறு. கேமில் இந்த நிலைமை வந்தால் டப்பா எதையாவது திறந்து குடிப்போம். இங்கே பாட்டிலும் அன்சாரி பையில். தாங்க முடியாமல் கடலில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தேன். பிறகு நனைந்த சாக்கோடும் தாடியோடும் தள்ளாடிக் கரையேறினேன்.

கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மாரியக்கா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“எய்யா... எங்கயிருந்து வாறீக? மத்தவுக எங்க?”

இந்த இடத்தில் ஒரு மனிதன் ‘அக்கா, எனக்கு ராம்நாடு, போட்டோ எடுக்க வந்தேன், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க’ என்று சொல்லியிருப்பான். என் மண்டைக்குள்ளோ திரை விரிந்து நான்கு பதில்கள் வந்து நின்றன. பத்து வருஷப் பழக்கம். என் வேஷத்தைப் பார்த்து அசந்துபோய் விளையாட்டாகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இருப்பதிலேயே உருக்கமான பதிலை அமுக்கினேன். தொலைவில் பார்த்தபடி, அடிக்குரலில் சொன்னேன்.

“எல்லாம் அழிஞ்சு போச்சு. நான் மட்டுந்தான் மிச்சம்.”

மாரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்தது. உயிர் தப்பி வருகிறவர்கள் படகில் வந்து இறங்குவது இந்த மணலில்தான். வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர், அடுத்து சோறு, அதற்கப்புறம்தான் போலீசுக்குச் சொல்லி விடுவது. அதுதான் இந்தக் கரையில் வழக்கம். ராம்நாட்டுக்காரனான எனக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு நான் ராம்நாட்டில் இல்லை. சாம்பல் தேசத்தில் இருந்தேன்.

“அக்கா, இல்லக்கா, நான் இந்தப் பக்கத்துக்காரந்தான். சும்மா வேஷம்...”

“பயப்படாதீகய்யா. இங்கன யாரும் ஒண்ணுஞ் செய்ய மாட்டாக.”

“நெசமாத்தான்க்கா. இது ரத்தமில்ல, குங்குமம்.”

அவர் முந்தானையால் நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். “ஆமா, குங்குமந்தான். சாமி கும்புட்டுட்டுப் பெறப்பட்டிருக்காக, பாவம்” என்று இன்னும் சத்தமாக அழுதார்.

வலைக்காரர்களில் ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டார். “பேச்சு நம்ம ஊருப் பேச்சாவுல்ல இருக்கு?” எனக்கு உயிர் வந்தது. பக்கத்திலிருந்தவர் அதை உடனே போக்கினார். “முந்தியே வந்து முகாம்ல இருந்துட்டுத் திரும்பிப் போன ஆளா இருக்கும்ப்பா. எத்தனை பேரு அப்புடி வாறாக.” எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஒரு கணம் தலையாட்டிவிட்டேன், அவ்வளவு நியாயமாக இருந்தது.

ஓலைக் குடிசைக்குள் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். மீன் குழம்பு. மாரியக்கா தன் மதியச் சாப்பாட்டைத்தான் எனக்கு வைத்தார் என்பது பாத்திரத்தைக் கவிழ்த்தபோது தெரிந்தது. சொந்த ஊரைக் கடல் கொண்டுபோன பிறகும் அங்கேயே ஓலை கட்டிக் குடியிருக்கிறவர்கள் பரிமாற, உலகம் அழிந்தால் எப்படி வாழ்வது என்று கம்ப்யூட்டரில் பத்து வருஷம் பயிற்சி எடுத்தவன் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. (ஆனாலும் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா.)

போலீஸ்காரர் ஒருவர் வந்து என்னை ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். போர்த்திக்கொள்ள ஒரு போர்வை கொடுத்தார். நல்ல மனிதர். நம்பத்தான் மறுத்தார்.

“பேரு?”

“முருகேசன் சார். ராம்நாடு, கேணிக்கரை சார்.”

“ம்ம். எல்லாத்தையும் நல்லா விசாரிச்சு வச்சிக்கிட்டுத்தான் வந்திருக்க.”

சுவர்க் கடிகாரம் நான்கைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்கு நாலு தெரு தள்ளித்தான் பெண் வீடு. அங்கே என் குடும்பம் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருக்கும். போட்டோவில் பார்த்த முகம் என் கண்முன் வந்து, தலையைத் திருப்பிக்கொண்டது. வேறு வழியில்லாமல் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னேன். அய்யாவின் செல்.

அங்கே நடந்ததை, அய்யாவோடு போயிருந்த அத்தை பிறகு நடித்தே காட்டினார். அய்யாவுக்குச் செல்போனில் காது கேட்காது என்பதால் எப்போதும் ஸ்பீக்கர்தான். நடுக்கூடத்தில், பெண்ணின் அப்பா, மாமன், சித்தப்பா எல்லோரும் சூழ்ந்திருக்க, போன் அலறியது.

“அய்யா, ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம். அகதியா வந்த ஒரு ஆளு உங்க மகன்னு சொல்றான்.”

அய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எம் மகன் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்கான். அவன் பொய் பேசுற பய இல்ல. நீங்க வேற யாரையோ பிடிச்சு வச்சிருக்கீக” என்று கட் பண்ணிவிட்டு, சம்பந்தியிடம் பெருமையாகச் சொன்னாராம்: “பாருங்க, நம்ம பய பேரைச் சொன்னாத்தான் மதிப்புன்னு கண்டவனும் சொல்லுறான்.”

சங்குக் கடைக்காரர் அப்படி விடுகிறவர் இல்லை. அகதிகள் வந்தால் வேட்டி, சட்டை, பிஸ்கட் எல்லாம் எடுத்துக்கொண்டு முதலில் போகிற ஆள் அவர்தானாம். “யாரா இருந்தா என்ன, ஒரு எட்டுப் பாத்துருவோம்” என்று கிளம்பினார். நாங்கள் பேசியிருந்த வேனிலேயே எல்லோரும் ஏறினார்கள். பிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டு பெண்ணும் ஏறினாள். அப்படியாகப் பெண் பார்க்கப் போக வேண்டியவனைப் பெண் வந்து பார்த்தாள்.

போர்வைக்குள் குறுகி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அய்யா வாசலிலேயே நின்றுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சார், இது எம் மகன் இல்ல” என்றார்.

“அய்யா!”

“வாய மூடுரா. ஸ்பெஷல் கிளாஸ்ல இருக்குறவந்தான்டா எம் மகன்.”

போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் சார் நம்புறேன். அப்பன் மகனேதான்” என்றார். நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேம், மூன்றாம் பாகம், சுவர், முகம். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. சங்குக் கடைக்காரர் கொண்டுவந்த வேட்டியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்திருந்தார். அந்தப் பெண்தான் பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றி என்னிடம் நீட்டினாள். அந்த நேரம் பார்த்து, முழு சார்ஜோடு ஓடிவந்த அன்சாரி, “மாப்ள, அப்புடியே இரு!” என்று ஒரு கிளிக் அடித்தான். அய்யா அவனைத் துரத்தினார்.

அந்தப் படத்தைத்தான் போட்டிக்கு அனுப்பினோம். பதிலும் வந்தது: ‘ஆடை நம்பும்படியாக இல்லை.’ ஒரு கடற்கரை முழுக்க நம்பியது. ஒரு ஸ்டேஷன் நம்பியது. பெற்ற அப்பனே மகன் இல்லை என்று சொல்லிவிட்டார். அமெரிக்காக்காரனுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மூன்றாம் பாகம் வந்ததும் முதல் வேலையாகப் போட்டுப் பார்த்தேன். ‘உங்கள் கம்ப்யூட்டருக்கு இது ஓடாது’ என்று அது ஒரே வரியில் சொல்லிவிட்டது. அந்தச் செருப்பு யாருடையது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மாரியக்காவிடம் மட்டும் அடுத்த வாரமே போய் மன்னிப்புக் கேட்டேன். “நல்லவேள, ஒண்ணும் அழியலையில்ல?” என்று கேட்டுவிட்டு மீன் கொடுத்தார்.

ஆச்சரியம், அந்தச் சம்பந்தம் நின்றுபோகவில்லை. இன்றைக்கும் மாமனார் வீட்டுக்கு நான் போனால், வாசலில் யாராவது ஒரு மச்சினன், “வாங்க மச்சான், மத்தவுக எங்க? நீங்க மட்டுந்தான் மிச்சமா?” என்று கேட்காமல் உள்ளே விடுவதில்லை. குழந்தைகளுக்குக்கூட அது பழகிவிட்டது.

நெடுநாள் கழித்து ஒருநாள், ஆற அமர, மனைவியிடம் கேட்டேன். அத்தனை கேவலத்துக்குப் பிறகும் என்னை எப்படிச் சரி என்று சொன்னாய், என் முகத்தில் அப்படி என்னதான் கண்டாய் என்று.

அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாவமா இருந்துச்சு.”