பதினோரு விநாடி உதை

'ஒன்பதாம் உதை' என்ற கணினி விளையாட்டைத் தொடராக எடுப்பதென்று ஒளிபரப்பு வாரியம் ஒருமனதாகத் தீர்மானித்தது. கூட்டத்துக்கு வந்திருந்த பதினான்கு உறுப்பினர்களில் ஒருவர்கூட அந்த விளையாட்டை ஆடியதில்லை. ஆகவே கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

விளையாட்டு இவ்வளவுதான். ஒரு பெண், ஒன்பது வாசல், வாசலுக்கு ஒரு தடியன். ஒவ்வொருவனாக உதைத்துத் தள்ளிக்கொண்டே போனால் கடைசி அறையில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருப்பான். அவனை யார் கடத்தினார்கள், எதற்குக் கடத்தினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உதைப்பதற்கே நேரம் சரியாக இருக்கும்.

முந்தைய ஆண்டு வேறொரு விளையாட்டைத் தொடராக்கியபோது, அதன் இயக்குநர் கதாநாயகனுக்கு ஒரு காதலியையும் நாலு பாட்டையும் வக்கீல் மாமா ஒருவரையும் தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்துவிட்டார். ரசிகர்கள் வந்து வாரியத்தின் வாசலில் படுத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் மூன்று நாள் அவர்களைத் தாண்டித் தாண்டி அலுவலகம் போக வேண்டியதாயிற்று. இனி அப்படியொரு அசம்பாவிதம் நேரக்கூடாது என்பதற்காகவே இம்முறை 'அசல் பிறழாமைக் குழு' அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவராக வந்தவர் எடை, அளவுத் துறையில் முப்பது ஆண்டு தராசுகளுக்கு முத்திரை குத்தியவர். வரும்போதே சொந்த நிறுத்தற்கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்.

சண்டைக் காட்சிகளுக்கு மாஸ்டரை நியமித்தார்கள். இரண்டு முழங்காலையும் ஒரு தோள்பட்டையையும் வெவ்வேறு படங்களில் விட்டுவிட்டு வந்த மனிதர் அவர். நியமன உத்தரவோடு வந்த விதிமுறைகளைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தவர் ஆறாவது விதியில் நின்றுவிட்டார். 'விளையாட்டில் உதைப்பவரும் முகம் காட்டுபவரும் ஒருவரே. ஆதலால் தொடரிலும் அவ்வண்ணமே இருத்தல் வேண்டும்.'

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கக் காகிதத்தைப் படித்து ஆனந்தக் கண்ணீர் விட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

காரணம், அவருடைய மகள். எட்டு வருடமாக அவள் டூப். இருபத்து மூன்று கதாநாயகிகளுக்காக மாடியிலிருந்து குதித்திருக்கிறாள், கண்ணாடியை உடைத்திருக்கிறாள், எரிகிற காரிலிருந்து உருண்டிருக்கிறாள். அவளுடைய பின்மண்டை நாடறிந்தது. முகம் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். யூனிட்டில் அவளுக்கு 'சடக்' என்று பெயர். அவள் உதைத்தால் காலைப் பார்க்க முடியாது, அந்தச் சத்தம்தான் கேட்கும். உதைத்து முடித்ததும் 'கட்' சொல்லுவார்கள். குடை நிழலிலிருந்து கதாநாயகி எழுந்து வருவார், அவர் நெற்றியில் வியர்வைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், கேமரா அவர் முகத்துக்குப் போகும்.

"முகத்தைத் திருப்பாதே கண்ணு!"

ஒவ்வொரு ஷாட்டிலும் இதைக் கத்தவேண்டியவர் மாஸ்டர்தான். பெற்ற மகளைப் பார்த்து எட்டு வருடம் இதையே சொல்லிச் சொல்லி அவருக்கு மனசு வெறுத்துப் போயிருந்தது. ஒரே ஒரு முறை, ஒரே ஃபிரேமுக்குள் அவள் உதையும் அவள் முகமும் சேர்ந்து வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மீதமிருக்கும் தோள்பட்டை போனாலும் அவருக்குக் கவலையில்லை.

தேர்வு, குழுவின் கூட்ட அறையிலேயே நடந்தது. உத்தரத்தில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மகள் வந்தாள், வணங்கினாள். சடக். பை கிழிந்து மணல் கொட்டியது.

"மறுபடியும்," என்றார் தலைவர்.

"ஏன் சார்? பை கிழிஞ்சே போச்சே!"

"பை கிழிஞ்சதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. நான் கடிகாரத்தை அழுத்தறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

வேறு பை வந்தது. சடக். தலைவர் கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"பூஜ்யம் புள்ளி நாலு விநாடி. அசல்ல பதினொண்ணு. பத்து விநாடிக்கு மேல குறையுது மாஸ்டர். தராசுத் துறையில இருந்தப்ப இதுல பாதி குறைச்சு நிறுத்தவன் கடைக்கே நான் சீல் வெச்சிருக்கேன்."

"எந்த ஊர்ல சார் ஒரு உதை பதினோரு விநாடி எடுக்கும்? அதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிடுவானே!"

"போகலையே. நிக்கறான். கோப்புல இருக்கு. வாங்க, காட்டறேன்."

பதிவேட்டு அறைக்குப் பின்னால், அசலைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய சிறு அறை இருந்தது. மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர். பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டு, உள்ளே காற்றடிக்கும்படி ஒரு மேசை விசிறி வைக்கப்பட்டிருந்தது. ஒரு கால் குட்டையான மேசைக்கு நான்கு பழைய கோப்புகள் முட்டுக் கொடுத்திருந்தன. முன்னால் தட்டச்சு அம்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்த அவரைத்தான் அசலை ஆடிக் காட்டும் பணிக்கு அமர்த்தியிருந்தார்கள்.

"முதல் வாசல்," என்றார் தலைவர்.

தட்டச்சு அம்மா ஒற்றை விரலால் ஒரு விசையை அழுத்தினார். திரையில் வீராங்கனை எம்பினாள். கால் கிளம்பியது. எல்லாம் நின்றுவிட்டது. விசிறி மட்டும் சுற்றியது. தட்டச்சு அம்மா அவசரமே இல்லாமல் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி, ஊதி ஊதி இரண்டு வாய் குடித்தார். பிறகு கம்ப்யூட்டரின் தலையில் பளாரென்று ஒன்று வைத்தார். கால் போய்ச் சேர்ந்தது. தடியன் விழுந்தான்.

"பதினொண்ணு," என்றார் தலைவர், கடிகாரத்தைப் பெருமையாகத் தூக்கிக் காட்டி. "இருபது தடவை அளந்தாச்சு. ஒரு விநாடி முன்னபின்ன இல்ல."

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. பொட்டி நின்னு போகுது சார். பழசு. அது உதை இல்ல, கோளாறு."

தலைவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாஸ்டர், புது கம்ப்யூட்டர் கேட்டு நாங்க ஒன்பது வருஷமா எழுதறோம். நல்லாத்தான் ஓடுதுன்னு ஒன்பது தடவை பதில் வந்திருக்கு. இப்ப நான் இது கோளாறுன்னு எழுதினா, இதுல அடிச்ச உத்தரவு எல்லாமே கோளாறாயிடும். உங்களை நியமிச்ச உத்தரவு இதுல அடிச்சதுதான்." பேனாவை எடுத்தார். "ஆறாவது விதியும் இதுலதான் அடிச்சது. எழுதட்டுமா?"

மாஸ்டர் மேசையைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார்.

"வேண்டாம் சார். நல்ல கம்ப்யூட்டர் சார்."

வெளியே தாழ்வாரத்தில் மகள் பாதத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ரோப்ல தொங்கணும், அவ்வளவுதானே? எட்டு வருஷம் முகமில்லாம தொங்கியாச்சு. முகத்தோட பதினோரு விநாடி தொங்க மாட்டேனா?" பிறகு கேட்டாள், "அப்ப என் உதை என்னப்பா ஆகும்?"

"முதல்ல முகம் வரட்டும் கண்ணு. உதை எங்க ஓடிப்போகப் போகுது?"

படப்பிடிப்பு தொடங்கியது. மகளின் இடுப்பில் இரண்டு ரோப் கட்டி மேலே இழுப்பார்கள். அவள் காலை நீட்டியபடி அந்தரத்தில் நிற்பாள். எதிரே முதல் வாசல் தடியன் மோவாயை நீட்டிக்கொண்டு நிற்பான். தலைவர் விநாடிகளை எண்ணுவார். தடியனாக நடித்தவருக்கு ஏழாவது விநாடியில் மூக்கு அரித்தது.

"சார், கால் வர்றது கண்ணுக்கு நல்லாத் தெரியுது. ஒரு அடி தள்ளி நின்னுக்கலாமா?"

"அசல்ல தள்ளி நிக்கல."

"சொறிஞ்சுக்கவாவது செய்யலாமா?"

தலைவர் கோப்பைப் புரட்டினார். "சொறிஞ்சதா பதிவு இல்ல."

மூன்றாவது வாசலுக்கு முன்னால் வீராங்கனை ஒரு சுவரில் மூக்கு முட்ட இரண்டு நிமிடம் நாற்பது விநாடி நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்றிருந்தது. மாஸ்டர் நேராகத் தட்டச்சு அம்மாவிடம் போய் விசாரித்தார்.

"அதுவா? அன்னிக்கு மருமக போன் பண்ணினா தம்பி. பேசி முடிக்கிற வரைக்கும் பழைய கோப்பு ஒண்ணைத் தூக்கி விசை மேல வெச்சிருந்தேன்."

கோப்பில் அது 'வீராங்கனையின் மனப்போராட்டம்' என்று பதிவாகியிருந்தது. மகள் சுவரில் மூக்கு முட்ட நடந்தாள். நான்கு டேக் ஆயிற்று. மாஸ்டர் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எட்டு வருடத்தில் முதல்முறையாக, "முகத்தைத் திருப்பு கண்ணு, இந்தப் பக்கம் திருப்பு!" என்று கத்தினார். அந்த நிமிடத்தில் அவருக்கு அந்தச் சுவர்கூட அழகாகத்தான் தெரிந்தது.

தொடர் வெளியானது. முதல் நாள் ஊர் சிரித்தது. இரண்டாம் நாள் ஒரு விமர்சகர், 'வேகத்தை வழிபடும் காலத்துக்கு விழுந்த மெதுவான அறை' என்று எழுதினார். மூன்றாம் நாள், முதல் நாள் சிரித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதல் நாளே சொன்னோம் என்றார்கள். சுவர்க் காட்சியைப் பற்றிக் கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. உடற்பயிற்சி நிலையங்களில் காலை ஆறிலிருந்து ஏழு வரை 'சுவர்நடை' வகுப்பு ஆரம்பித்தார்கள். இடம் கிடைக்காமல் ஜனங்கள் தெருச் சுவர்களில் முட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் புகைப்படங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அலுவலகங்களில் ஒரு காரியத்தைக் கேட்டால், குமாஸ்தா கையைப் பாதி நீட்டியபடி பதினோரு விநாடி உறைந்துவிட்டு, பிறகு நாளைக்கு வரச் சொன்னார். முன்பும் நாளைக்குத்தான் வரச் சொல்வார்கள். இப்போது அதில் ஒரு கலை சேர்ந்திருந்தது.

ரசிகர்கள் ஆவலோடு அசல் விளையாட்டை வாங்கி ஆடினார்கள். அதில் உதை சட்டென்று முடிந்துவிடுவதைக் கண்டு கொதித்துப்போய், இந்த விளையாட்டு தொடருக்கு உண்மையாக இல்லை என்று அதைச் செய்த நிறுவனத்தின் வாசலில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, உதையைப் பதினோரு விநாடியாக நீட்டித் திருத்தம் வெளியிட்டது.

வாரியத்துக்கு விருது கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் குழுவுக்குப் புது கம்ப்யூட்டரும் கிடைத்தது. தலைவர் மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பி, திருத்திய விளையாட்டை அதில் ஓடவிட்டுக் காட்டினார். புத்தம் புது கம்ப்யூட்டர், விசிறிகூட இல்லை. கால் கிளம்பியது, நின்றது, பதினோரு விநாடி கழித்துப் போய்ச் சேர்ந்தது.

"கோளாறுன்னீங்களே மாஸ்டர்," என்றார் தலைவர். அவர் குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. மாஸ்டருக்கே ஒரு கணம் வெட்கமாகப் போய்விட்டது.

மகளின் முகம் இப்போது ஊரெல்லாம் இருந்தது. பேருந்தின் பின்புறம் இருந்தது, சோப்பு உறையில் இருந்தது. அவள் படம் வந்த பத்திரிகைத் துணுக்குகளை எல்லாம் மாஸ்டர் வெட்டி, ஓர் உறையில் போட்டு, மகளின் கைப்பையிலேயே வைத்திருந்தார். கடைக்காரர்கள் கேட்டால் காட்டலாம், கேட்காவிட்டாலும் காட்டலாம்.

ஒரு சாயங்காலம் இருவரும் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒருவன் அந்தக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மகள் துரத்தினாள். மூலையில் திரும்பிப் பார்த்தவனுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. உடனே நின்றான். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, மோவாயை நீட்டினான். நல்ல ரசிகன்.

தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு போனை எடுக்கப் போனார்கள்.

சடக்.

திருடன் சாக்கடை ஓரத்தில் கிடந்தான். பை ஒரு பக்கம் கிடந்தது. சட்டைப்பைகளிலிருந்து போன்கள் இன்னும் பாதிகூட வெளியே வரவில்லை. எட்டு வருடமாக மாஸ்டர் கும்பிட்டுக் கேட்டது அதுதான். அவள் உதையும் அவள் முகமும், ஒரே இடத்தில், நடுத்தெருவில், ஊர் பார்க்க.

"முடிஞ்சுதா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எங்க? நான் ஒண்ணுமே பார்க்கலையே."

"இவங்க அவங்க இல்லப்பா. அவங்க உதை எவ்வளவு நிதானமா இருக்கும்! இது யாரோ டூப்பு."

"டூப்பேதான். மூஞ்சி மட்டும் கொஞ்சம் அதே மாதிரி."

திருடன் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "பதினோரு விநாடி இருக்குன்னு நம்பி நின்னேங்க. நம்ப வெச்சு உதைச்சிட்டாங்க." கூட்டம் அவன் பக்கம் சாய்ந்து உச்சுக் கொட்டியது.

மகள் அப்பாவைப் பார்த்தாள். மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"உதை நல்ல உதைதான் கண்ணு." தயங்கினார். "கொஞ்சம் அவசரப்பட்டுட்டியோன்னுதான்..."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு தடவை, ஒழுங்கா!" என்று கூட்டம் கேட்டது. திருடனும் பெருந்தன்மையாகச் சம்மதித்து, பையை எடுத்துப் பழையபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மோவாயை நீட்டினான். தெருவில் ரோப் ஏது? மாஸ்டர் குனிந்து தோளைக் கொடுத்தார். மகள் ஒரு கையை அதில் ஊன்றிக் காலை நீட்டினாள். தெரு முழுக்க அந்தக் காலையே பார்த்துக்கொண்டு ஒரே குரலில் எண்ண ஆரம்பித்தது. மாஸ்டரும் எண்ணினார்.

ஆறு என்னும்போது திருடன் மூக்கைச் சொறிந்துகொண்டான். ஏழு என்னும்போது ஓர் அடி தள்ளி நின்றான். எட்டு என்னும்போது அவனும் இல்லை, பையும் இல்லை, அதிலிருந்த துணுக்குகளும் இல்லை. உதை நடந்துகொண்டிருந்ததால் யாரும் குறுக்கே பேசவில்லை.

பதினொன்றில் கால் போய்ச் சேர்ந்தது. அங்கே காற்றுதான் இருந்தது. தெரு அதிரக் கைதட்டினார்கள்.

"இதுதான் அசல்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மாஸ்டரும் கை தட்டினார். நாலைந்து முறை தட்டிய பிறகுதான் அவருக்குப் பையின் ஞாபகம் வந்தது.